காகிதக் கூண்டில் நான்கு பேர்

மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது பகல் இரண்டு மணி இருக்கும். பந்தி இன்னும் முடியவில்லை. எனக்கும் இலை போட்டிருந்தார்கள், உட்காரவில்லை. ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியைத் தாண்டி மாரிகுப்பம் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். முதலில் கடைக்குப் போய், நடந்ததை முதலாளியம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் பங்காருப்பேட்டை. அங்கிருந்து எந்த ஊருக்கும் போகலாம். ஒரு இடத்தில் வேலை கெட்டுப்போனால் நான் செய்வது அதுதான். சிலர் சண்டை போடுவார்கள், சிலர் காலில் விழுவார்கள், நான் நடப்பேன். இதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. போன மாதம் நான் வேலை பார்த்த கடைக்கு வெட்டும் இயந்திரம் ஒன்று வந்தது. கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டால் அட்டையை அதுவே வெட்டி, மடிப்புக் கோடும் போட்டுத் தள்ளுகிறது. என் கையைவிட நன்றாகவே வெட்டுகிறது. கண்ணில் புரை விழுந்து நான் வேலையை விட்டாயிற்று என்பதால் எனக்கு அதனிடம் பகை எதுவும் இல்லை. பார்க்கப் போனபோது அதை ஓட்டும் பெண்கள் இருவரும், "அந்த ஷாஃப்ட் கார்டு எப்படிச் செஞ்சீங்க, எழுதிக் குடுங்க அங்கிள்" என்று கேட்டார்கள். அளவுகளை ஒரு தாளில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அளவில் அடங்காதது இது.

என் பெயர் ஏழுமலை. எட்டாம் வகுப்பில் பாதி படித்தவன். அப்பா தங்கச் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை பார்த்தவர். ராத்திரியெல்லாம் அவர் மூச்சுக்கு இழுப்பதைக் கேட்டு வளர்ந்ததால் சுரங்கத்துக்குப் போவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். வேறு திட்டம் எதுவும் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. சிவகாசியில் பட்டாசுப் பெட்டி ஒட்டினேன். பெங்களூரில் கல்யாணப் பத்திரிகைக்கு உறை மடித்தேன். வேலூரில் பைண்டிங், ஓசூரில் அட்டைப்பெட்டி ஆலை. நடுவில் இரண்டு வருடம் காகிதத்தையே தொடாமல் லாரியில் கிளீனர். சில ஊர்களில் பட்டினி கிடந்தேன், சில ஊர்களில் நன்றாகச் சாப்பிட்டேன். ஐம்பது வயதில் ஊர் திரும்பியபோது சுரங்கம் மூடிப் பல காலம் ஆகியிருந்தது. என்னோடு படித்தவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் காவல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

ராபர்ட்சன்பேட்டையில் நோட்டு, பேப்பர் விற்கும் பழைய கடை ஒன்றின் மாடியில், கடைக்காரர் குடும்பத்து மருமகள் கோமதியம்மாள் ஒரு பட்டறை வைத்திருந்தார். திறந்தால் உள்ளே உருவம் எழுந்து நிற்கும் வாழ்த்துக் கார்டுகள், பிறந்தநாளுக்கும் சீமந்தத்துக்கும் பண்டிகைக்கும் இனிப்புப் போட்டுக் கொடுக்கும் அலங்காரப் பெட்டிகள், எல்லாம் கையால் செய்வது. மூன்று பெண்கள் வேலையில் இருந்தார்கள். நான் போய் நின்றேன்.

"இன்னா தெரியும்?" என்று கேட்டார்.

"காயிதத்துல எல்லாம் தெரியும்மா."

"எல்லாம் தெரிஞ்சவரு எங்க கடைக்கு இன்னாத்துக்கு வரீங்க?" என்றபடி ஒரு அட்டையை நீட்டினார். "இது எந்தப் பக்கம் மடியும், சொல்லுங்க."

அட்டையின் நீளவாக்கில் ஒரு கீற்று, அகலவாக்கில் ஒரு கீற்று வெட்டினேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நுனியில் பிடித்தேன். ஒன்று விறைத்து நின்றது, இன்னொன்று தொங்கியது. விறைத்து நிற்பதில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. மடிப்பும் அந்தத் திசையிலேயே போகவேண்டும். குறுக்கே மடித்தால் முதுகு வெடித்து வெள்ளை தெரியும். கீற்றுகளை அவரிடம் காட்டினேன். "நாளைக்கு டிபன் கட்டிக்கினு வாங்க" என்றார்.

மடிப்புக் கோட்டைக் கத்தியால் கீறக்கூடாது. மை தீர்ந்த பேனாவால் இரண்டு தரம் அழுத்தவேண்டும். பைண்டிங்கில் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்போம். இங்கே தின்பண்டப் பெட்டி என்பதால் அந்த விஷம் மாடிப்படி ஏறக்கூடாது. பெட்டியின் அடிப்பாகம் பசையே இல்லாமல் நான்கு நாக்குகள் ஒன்றையொன்று கவ்வி நிற்கவேண்டும். நெய் ஊறாமலிருக்க உள்ளே வெண்ணெய்த்தாள், அதுவும் மூலையில் மடிப்பு விழாமல். இவையெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளக்கூடியவை.

கோமதியம்மாள் யாரையும் திட்டியதில்லை. அவர் வழி வேறு. சரியில்லாத பெட்டி கண்ணில் பட்டால் அதைத் தனியே எடுத்து வைப்பார். மதியம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, சோற்றை அந்தப் பெட்டிக்குள் கொட்டி, எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். குழம்பு மூலை வழியாக ஒழுகி அவர் புடவையில் சொட்டும். துடைக்கமாட்டார். "செல்வி, அப்பளம் இருக்கா?" என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். பெட்டி செய்தவருக்கு அன்று சோறு இறங்காது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் என் பெட்டியில் அவர் புளிக்குழம்பு சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஒழுகும் பெட்டி எதுவும் நான் செய்யவில்லை.

கார்டுகளுக்கு இன்னொரு விதி. செய்தவரைத் தவிர வேறொருவர் ஒவ்வொரு கார்டையும் இருபது தரம் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். அதன் பிறகுதான் உறைக்குள் போகும். ஏன் இருபது என்று கேட்டேன்.

"பொறந்தநாளுக்கு ஒரு கார்டு வந்தா புள்ள தொறக்கும், அம்மாகிட்ட காட்டும், அப்பாகிட்ட, பக்கத்து வூட்டுல. மொத நாளே இருபது தரம் ஆயிடும். அப்புறம் பீரோவுக்குள்ள போயிடும், யாரும் பாக்கப்போறது இல்ல. நமக்கு வேண்டியது அந்த மொத நாளு."

வருடக்கணக்கில் என் விரல்கள் இருபது எண்ணின. பஸ் டிக்கெட்டைக்கூடத் திறந்து மூடி எண்ணியிருக்கிறேன்.

ஷாஃப்ட் கார்டைக் கேட்டு வந்தவர் ரேவதி. மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். மாமனார் துரைசாமிக்கு எண்பதாம் கல்யாணம். வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் இனிப்புப் பெட்டி, அதன் மூடிக்குள் ஒரு கார்டு, மொத்தம் நூறு. மாமனார் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். கேஜ் என்று எங்கள் ஊரில் சொல்லும் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் பெரிய இயந்திரத்தை ஓட்டியவர். கார்டைத் திறந்தால் அந்தக் கூண்டு ஏறவேண்டும் என்று ரேவதி கேட்டார்.

அது எனக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை. திறந்தால் ஷாஃப்ட் எனும் செங்குத்துச் சுரங்கக் குழியின் மேலுள்ள கோபுரம் எழும். உச்சியில் சக்கரம். கூண்டின் தலையில் ஒட்டிய காகிதப் பட்டை ஒன்று சக்கரத்துக்குப் பின்னாலுள்ள வெட்டு வழியாக நுழைந்து, எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். திறக்கத் திறக்கப் பட்டை இழுபடும், கூண்டு ஏறும். கூண்டுக்குள் தொப்பி போட்ட நான்கு பேர். இரண்டு நாளில் மாதிரி செய்து, மாரிகுப்பத்தில் அவர்கள் வீட்டுக்கு நானே எடுத்துப்போனேன்.

துரைசாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், கை மட்டும் அகலம். கார்டை வாங்கி மெதுவாகத் திறந்தார். கூண்டு ஏறியது.

"ஒரு கேஜ் ஏறுனா இன்னொண்ணு எறங்கணும். உன்னுதுல ஒண்ணுதான் கீது" என்றார்.

"கார்டுல எடம் பத்தலைங்க ஐயா."

"எதக் கேட்டாலும் கெம்பெனிக்காரனும் அதான் சொல்வான்."

அவர் மனைவி பட்டம்மாள் உள்ளேயிருந்து, "பொம்ம கெடச்சிடுச்சா? இனிமே சோறு வேணாம்" என்றார். கிழவர் சிரித்தார். கார்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். இரண்டாவது தரம் மூடும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

"மூடுனா எறங்கறாங்களே."

"மூடுனா எறங்கத்தானே செய்வாங்க."

"கேஜ் எறங்கட்டும்பா. ஆளு ஏன் எறங்கறான்?"

எனக்குப் புரியவில்லை. அவர் கார்டைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு தரம் கரண்டு போயி கேஜ் பாதி ஷாஃப்ட்ல நின்னுடுச்சி. உள்ள நாலு பேரு. கடேசில மேல கொணாந்துட்டேன். ஒருத்தன் என் கையப் புட்ச்சிக்கினு அழுதான். மறுநாளு அதே நாலு பேரும் டூட்டிக்கு வந்தாங்க. நான்தான் எறக்கனேன். கீழ பாறை வெடிச்சி ரெண்டு பேரு வரல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "மேல கொணாந்தது கொணாந்ததா இருக்கணும். கார்டுலயாவது."

"மாமா, அது சும்மா கார்டு. இன்னும் ஒன்பது நாளுதான் இருக்கு" என்றார் ரேவதி.

"காயிதம்னு எனக்குத் தெரியாதா? தெரியும். முடியலன்னா பூ போட்ட கார்டு குடுங்க. இது வேணாம்."

முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நான் "பாக்கறேன் ஐயா" என்றேன்.

ஆறு நாள் பிடித்தது. கூண்டு ஏறி, ஆட்களை மேலே விட்டுவிட்டு, காலியாக இறங்கவேண்டும். நூல் கட்டிப் பார்த்தேன், சிக்கியது. பசையைத் தொட்டு வைத்தேன், ஏறும்போதே ஒட்டிக்கொண்டது. கடைசியில் நான்கு பேரையும் ஒரே துண்டாக வெட்டி, கூண்டுக்குள் ஒட்டாமல் நிறுத்தி, துண்டின் முதுகில் நெல்மணி அளவுக்கு ஒரு பல் விட்டேன். நார் மேல்கீழாக ஓடும்படி வெட்டினால் அந்தப் பல் வளைந்து கொடுத்து மறுபடி நிமிரும். கூண்டு உச்சிக்கு வந்ததும் பல் கோபுரத்தின் பின்னட்டையிலுள்ள வெட்டில் மாட்டிக்கொள்ளும். கார்டை மூடினால் கூண்டு மட்டும் போகும். நான்கு பேரும் மேலேயே நிற்பார்கள். மறுபடி எத்தனை தரம் திறந்தாலும் அங்கேயே நிற்பார்கள். அவர்களைக் கீழே இறக்கவேண்டுமானால் பின்னாலிருந்து ஊசியால் பல்லை நெம்பவேண்டும்.

கோமதியம்மாளிடம் கொடுத்தேன். திறந்தார். ஏறினார்கள். மூடித் திறந்தார். நின்றார்கள்.

"இத்த இருபது தரம் பாக்க முடியாதே."

"முடியாதும்மா. ஒருக்காதான் ஏறுவாங்க. நாம பாத்துட்டா வாங்கறவங்களுக்கு ஏறறதப் பாக்கக் கெடைக்காது."

"ஊசியால எறக்கிட்டு மறுபடி பாத்தா?"

"பல்லு தேஞ்சிடும்."

அவர் கார்டை மேசையில் வைத்துவிட்டுக் கீழே கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் மாடிக்கு வந்து, "எதையும் தொறக்காம கட்டுங்க" என்றார். "ஒண்ணு கூட. கை அரிக்குதுன்னு யாராவது தொறந்தீங்க, அப்புறம் நான் பொறுப்பில்ல." பார்க்காமல் வெளியே போன சரக்கு அந்தக் கடையில் அதற்கு முன் இருந்ததில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நூறு கார்டுகளையும் அப்படியே கட்டினோம். துரைசாமிக்கென்று தனியாக ஒன்று, பெரிய அளவில், தங்கநிற விளிம்பு வைத்துச் செய்திருந்தேன். விழாவுக்கு முந்தைய நாள் வேலை முடிந்து பெண்கள் கிளம்பிவிட்டார்கள். கோமதியம்மாள் கீழே கடையில் இருந்தார். அந்தக் கார்டு என் முன்னால் இருந்தது. நூற்றில் ஒன்று தவறினால் யாரோ ஒரு விருந்தாளி. இது தவறினால் அவர். ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று திறந்தேன். சரியாக ஏறினார்கள். ஊசியால் இறக்கினேன். இன்னொரு தரம். விரல் எண்ண ஆரம்பித்துவிட்டது. இருபது முடியும்வரை நிற்கவில்லை. இருபதாவது தரமும் நன்றாகவே நின்றார்கள். நிம்மதியோடு பெட்டியில் வைத்தேன். பல் தேயும் என்று என் வாயாலேயே சொன்னவன் நான். அந்தக் கார்டை நான் சோதித்தது அவருக்காக இல்லை, என் மனத்துக்காக என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் மண்டபத்துக்குப் பெட்டிகளை ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினேன். வைண்டிங் இயந்திர வீட்டைப்போல சரிந்த கூரை வைத்த பெட்டிகள். உள்ளே மைசூர்பாகும் மிக்சரும். பிள்ளைகள் பெட்டியைப் பிரித்துக் கார்டைத் திறந்து, "ஏறிட்டாங்க! நிக்கறாங்க!" என்று கத்தின. பழைய சுரங்க ஆட்கள் சிலர் திறந்து பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். நூறும் சரியாக வேலை செய்தன.

துரைசாமி மாலையோடு மேடையில் இருந்தார். தன் கார்டைத் திறந்தார். நான்கு பேரும் ஏறினார்கள். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மூடத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார். நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. கூண்டோடு அவர்களும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர் உடனே முழுதாகத் திறந்தார். மேலே வந்தார்கள். கார்டை விரித்தபடி இரண்டு கையாலும் மடியில் அழுத்திக்கொண்டார். புது அட்டை, மடிப்பு விறைப்பு. கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும்.

பட்டம்மாள், "இன்னாய்யா, ஆசீர்வாதம் வாங்க ஆளுங்க நிக்கறாங்க, அத்த கீழ வெய்யி" என்றார்.

"வெச்சா மூடிக்கும்."

பட்டம்மாள் ஒரு ஓரத்தில் சந்தனக் கிண்ணத்தையும் இன்னொரு ஓரத்தில் குங்குமச் சிமிழையும் வைத்தார். "இப்ப மூடாதில்ல?"

"கிண்ணமா டிரைவரு?" என்று துரைசாமி ஒரு கையால் இரண்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நான் மேடையேறிப் பக்கத்தில் குனிந்தேன். "ஐயா, என் தப்பு. சொல்லியும் கேக்காம திரும்பத் திரும்பத் தொறந்து பாத்துட்டேன். சாயங்காலத்துக்குள்ள வேற ஒண்ணு செஞ்சி தரேன்."

அவர் கோபப்படவில்லை. "வேற ஒண்ணு வந்தா இதுல கீற நாலு பேரு இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

மேடையிலிருந்து படியிறங்கி வெளியே வந்தேன். அப்போது நடக்க ஆரம்பித்தவன்தான்.

மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போனபோது பகல் வண்டி போய்விட்டிருந்தது. சாயங்கால வண்டி வந்து நின்றது. ஏறவில்லை. ஏறாமலிருக்கக் காரணம் என்று பெரிதாக எதுவும் இல்லை, களைப்பு. சிவகாசியிலும் ஓசூரிலும் நடந்த கால் இல்லை அது. போனை அணைத்துவிட்டு பெஞ்சில் படுத்தேன்.

விடியற்காலை வண்டிக்கு ஆட்கள் சேரத் தொடங்கியதும் எழுந்து முகம் கழுவினேன். ஸ்வெட்டரும் டிபன் பையுமாக ரேவதி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அண்ணா! இங்கயா இருக்கீங்க? கோமதியம்மா எனக்கு மூணு தரம் போன் பண்ணிட்டாங்க."

"ஐயா எப்படி இருக்காரு?"

"எப்படி இருப்பாரு? நேத்துலேர்ந்து அத்தப் புடிச்சிக்கினு நாற்காலிலயே உக்காந்துகினு இருக்காரு. சாப்பாடும் இல்ல, தூக்கமும் இல்ல. நான் வாங்கிக்கறேன்னாலும் குடுக்கல. அத்தை திட்டித் திட்டி ஓஞ்சி போயிட்டாங்க." வண்டி ஊதியது. "உங்களுக்கு எங்க போணும்?"

கேட்டபடியே அவர் ஏறிக்கொண்டார். வண்டி என்னை விட்டுவிட்டுப் போனது.

துரைசாமியின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. பட்டம்மாள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "வாய்யா, பொம்ம செஞ்சவரே. உள்ள போயி பாரு உன் வேலைய" என்றார்.

துரைசாமி அதே நாற்காலியில், கழுத்தில் வாடிய மாலையோடு இருந்தார். கண் சிவந்திருந்தது. மடியில் கார்டு விரிந்திருந்தது. நான்கு பேரும் மேலே நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு ஓரத்தையும் அழுத்திப் பிடித்தபடியே இருந்தார்.

"ஐயா, ரேவதிகிட்டயாவது குடுத்திருக்கலாமே" என்றேன்.

"அது நல்ல பொண்ணு. ஆனா வேல தெரியாது." நிமிர்ந்து பார்த்தார். "கேஜ்ல ஆளு இருக்கும்போது டிரைவரு எழுந்து போவக்கூடாது. ஒண்ணுக்கு வந்தாலும் போவக்கூடாது. அடுத்த ஆளு வந்து பக்கத்துல நின்னு, கைய வெச்சி, நான் எடுத்துக்கினேன்னு சொன்னப்புறம்தான் வுடணும். நேத்து நீ வருவேன்னு பாத்தேன். காணோம்."

நேற்று முழுவதும் எங்கே இருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். இரண்டு ஓரத்திலும் அட்டையை அழுத்தினேன்.

"புட்ச்சிக்கினியா?"

"புடிச்சிக்கிட்டேன்."

"சொல்லு."

"நான் எடுத்துக்கினேன் ஐயா."

ஒவ்வொரு விரலாக எடுத்தார். கடைசி விரலை எடுப்பதற்கு முன் கூண்டை ஒரு தரம் பார்த்தார். அசையவில்லை. பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, முழங்காலை நீவிவிட்டு, மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். "பட்டு, சோறு எதுனா கீதா?" என்று அவர் கேட்பதும், பட்டம்மாள் பதிலுக்குத் திட்டுவதும், தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டன. நான் அசையாமல் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தேன்.